முடி கொட்டுதலும் புரதமும்: சாப்பாட்டுத் தட்டிலிருந்து மருந்துச் சீட்டு வரை

முடி கொட்டுகிறது என்று யாராவது வாயெடுத்தால், நம் பக்கத்தில் முன்பெல்லாம் எண்ணெய்தான் பதிலாக வரும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அங்கிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் பேச்சு ஒன்றுதான்: கையோன்னி போட்டுக் காய்ச்சு, செம்பருத்தி போட்டுக் காய்ச்சு. இப்போது எண்ணெய் இருந்த இடத்தில் புரதம் வந்து உட்கார்ந்திருக்கிறது. புரோட்டீன் பவுடர், கெரட்டின் ஷாம்பு, பயோட்டின் மாத்திரை, பெப்டைட் சீரம். மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை கவுன்டரில் நிற்கிற என்னிடம் இதைக் கேட்காமல் ஒரு நாளும் போவதில்லை. விலை கேட்டுவிட்டு, பர்ஸைத் திறந்தபடியே, "இது போட்டா நிக்குமா அக்கா?" என்பார்கள்.

அவர்களுக்கு நின்று நிதானமாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முடி விஷயத்தில் புரதம் மூன்று இடத்தில் வருகிறது. முடியே புரதம்தான். அதைக் கட்டுவதற்கான சரக்கு, நாம் சாப்பிடும் புரதம். எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று வேருக்குள் உத்தரவு போடுவதும் புரதங்களே. சரக்கு குறைந்து கொட்டும் முடிக்குச் சாப்பாடுதான் மருந்து. உத்தரவு மாறிக் கொட்டும் முடிக்கு எத்தனை டப்பா பவுடர் குடித்தாலும் பலன் கிடையாது. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு பிறகு காசை எடுங்கள்.

படி 1: முடி எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோலுக்கு மேலே நாம் பார்க்கும் முடியில் உயிர் இல்லை. அதில் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். உயிரெல்லாம் தோலுக்குள், வேர்ப்பையில் இருக்கிறது. அதன் அடியில் உள்ள செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் சேர்ந்தவை. அவை பிரிந்து, கெரட்டினை நிரப்பிக்கொண்டு, இறுகி, செத்து, மேலே தள்ளப்படுகின்றன. மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் என்ற கணக்கில் வெளியே வருவது அதுதான்.

கெரட்டினுக்கு உறுதி தருவது கந்தகம். நம்மூர் ரப்பர் பாலை ஷீட் அடித்துக் காயவைத்தால் அது இழுத்த இழுப்புக்கு வரும். கம்பெனியில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய பிறகுதான் டயருக்கு ஆகும் உறுதி வருகிறது, ஏனென்றால் கந்தகம் இழைக்கும் இழைக்கும் நடுவே பாலம் போடுகிறது. முடியிலும் அதே வேதியியல்தான். அந்தக் கந்தகத்தைக் கொண்டுவருவது சிஸ்டீன் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கல்களில் ஒன்று. முடி கருகினால் வரும் நாற்றமும் அதனால்தான். சிஸ்டீனை உடம்பு மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்ளும். மெத்தியோனினை மட்டும் உடம்பால் செய்ய முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

அப்புறம், முடியின் சுழற்சி. தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கும். அதில் 85 முதல் 90 சதவீதம் வளரும் பருவத்தில் இருக்கும். அந்தப் பருவம் 2 முதல் 6 ஆண்டு. பிறகு இரண்டு மூன்று வாரம் வேர் சுருங்கும். பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழும், அதே பையில் புதியது முளைக்கும். ஆகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது நோயில்லை. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு அன்றைக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். சேர்த்துவைத்து விழுகிறது, அவ்வளவுதான்.

படி 2: விழுந்த முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கடைக்குச் சிலர் விழுந்த முடியைக் காகிதத்தில் சுருட்டிக் கொண்டுவருவார்கள். தூக்கிப் போடாமல் கொண்டுவருவது நல்லதே. ஒரு முடியை எடுத்து, அணைந்திருக்கும் போன் திரையின் மேல் வைத்து, வெளிச்சத்தில் இரண்டு முனையையும் பார்க்க வேண்டும்.

ஒரு முனையில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளை முடிச்சு இருந்தால், அந்த முடி ஓய்வை முடித்துக்கொண்டு தானாக விழுந்திருக்கிறது. முடிச்சைப் பார்த்து வேரே போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். பை உள்ளேயே இருக்கிறது, அடுத்த முடி அதில் வரும். இரண்டு முனையிலும் முடிச்சு இல்லாமல், நீளமும் குட்டையாக இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. அது வேரின் பிரச்சினை இல்லை; சாயம், ஸ்ட்ரெய்ட்னிங், சூட்டு இயந்திரம், ஈரத்தலையில் சீப்பு போடுவது, இப்படி வெளியிலிருந்து வந்த சேதம்.

அடுத்து கண்ணாடி. நெற்றியின் இரு ஓரமும் ஏறிக்கொண்டே போய், உச்சியும் வெறுமையானால் ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை. பெண்களுக்கு முன் நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், வகிடு மட்டும் அகன்றுகொண்டே போகும். தலை முழுக்க ஒரே சீராக அடர்த்தி குறைந்தால் சுழற்சி தடம் மாறியிருக்கிறது. நாணயம் வைத்தது போல வழவழவென்று வட்டமாக முடி போனால் புழுவெட்டு. காதோரமும் நெற்றியோரமும் மட்டும் மெலிந்தால், பல வருடம் இறுக்கிச் சடை போட்டு, அதில் பூவின் கனமும் ஏறிய இழுப்பு.

படி 3: மூன்று மாதம் பின்னால் போங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. வேருக்கு அடி விழுந்த நாளும் முடி விழும் நாளும் ஒன்றல்ல. உடம்புக்கு ஒரு பெரிய சிரமம் வந்ததும், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போகும். ஓய்வு இரண்டு மூன்று மாதம் என்பதால் கொட்டுதல் அவ்வளவு தள்ளி வரும். ஜூலை மழையில் டெங்கு வந்தவருக்கு அக்டோபரில் கொட்டும். அவர் அக்டோபரில் மாற்றிய ஷாம்புவைக் குற்றம் சொல்லுவார்.

எனவே காலண்டரை எடுத்து, கொட்ட ஆரம்பித்த மாதத்திலிருந்து இரண்டு, மூன்று, நான்கு மாதம் பின்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், சட்டென்று எடை குறைத்தது, மரணம் போன்ற பெரிய மனத்துயரம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. ஏதாவது ஒன்று பொருந்திவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் கொட்டுதல் தானாக அடங்கும். அடர்த்தி பழையபடி திரும்ப இன்னும் சில மாதம் ஆகும், முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளர்கிறது.

பிள்ளை பெற்றவர்கள் படும் பாடு தனி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தங்கச்சி கேட்டாள்: "நாலு மாசம் ஆச்சு அக்கா, சீப்பு வச்சா கை நெறைய வருது. மொட்டையாயிருவேனா?" ஆக மாட்டாய் மக்களே என்றேன். கர்ப்பத்தில் ஹார்மோன் கூடியதால் விழ வேண்டிய முடியெல்லாம் விழாமல் நிற்கும்; பிரசவத்துக்குப் பிறகு அது மொத்தமாகக் கணக்கைத் தீர்க்கும். பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் சரியாகிவிடும். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். மீன் கிடையாது, பயறு வாயு, முட்டை சூடு, ஆகவே சோறும் ரசமும் லேகியமும் என்றாள். எனக்கு மனது கேட்கவில்லை. பாலூட்டும் முதல் ஆறு மாதம் வழக்கமான தேவைக்கு மேல் நாளுக்குச் சுமார் 17 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அந்த நேரம் பார்த்துத் தட்டில் இருப்பதையும் எடுத்துவிடுகிறோம். பேறுகாலப் பத்தியத்தில் மீனும் பயறும் முட்டையும் இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் பக்கத்திலும் வீட்டுக்கு ஒருவராவது அங்கே போயிருப்பார், திரும்பி வந்ததும் "அங்கத்தெ தண்ணி முடிய எடுத்துட்டு" என்பார். தண்ணீர் படுவது முடித்தண்டில். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழச் செய்யும். வேர்ப்பைக்குள் போய் வழுக்கையை உண்டாக்காது. விமானம் ஏறும் வயது பெரும்பாலும் 22 முதல் 30. ஆண்களுக்குப் பரம்பரை வழுக்கை தலைகாட்டும் வயதும் அதுதான். அதோடு ஷிஃப்ட் வேலை, உறக்கம் இல்லாமை, அவசரத்துக்குக் குப்பூஸும் சாயாவும். தண்ணீர் ஃபில்டருக்குக் காசு போடுவதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்.

படி 4: தட்டைக் கணக்குப் போடுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்குப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம்.

இப்போது நம் வீட்டு நாள் ஒன்று. காலையில் மூன்று தோசை, சட்னி. மதியம் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். இரவு சோறும் ரசமும். இடையில் இரண்டு சாயா. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் மொத்தப் புரதம் 20 கிராமைச் சுற்றித்தான் வரும். பாதிகூட இல்லை. இப்படி ஒரு நாள் போனால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் போனால், உடம்பு இதயத்துக்கும் ஈரலுக்கும் தசைக்கும் கொடுத்துவிட்டுத்தான் முடியைப் பார்க்கும். முடி இல்லாமலும் உயிர் வாழலாம் என்பது உடம்புக்குத் தெரியும். கடுமையான புரதக் குறைவு வந்த குழந்தைகளின் முடியில் வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் மாறிமாறித் தெரியும். சாப்பாடு கிடைத்த மாதமும் கிடைக்காத மாதமும் முடியில் அப்படியே பதிவாகியிருக்கும். மருத்துவத்தில் அதைக் கொடி அடையாளம் என்பார்கள்.

மரச்சீனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் அது வெறும் கிழங்கு இல்லை. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் அது. அப்போது நம் ஊரும் திருவிதாங்கூர்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பர்மா அரிசி வராமல் போனபோது இந்தப் பக்கத்து வயிற்றைக் காத்ததும் அதுதான். ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும். அதோடு அதில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் வேகவைக்கும்போதும் அதிலிருந்து சயனைடு பிரியும். பெரும்பகுதி தண்ணீரோடும் ஆவியோடும் போய்விடும். மிச்சம் உடம்புக்குள் வருவதை ஈரல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பும். அப்படி மாற்றக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் வருவது மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அதே இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து. முடி கேட்கும் சரக்கும் அதுதானே.

மரச்சீனி தின்றால் முடி கொட்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மரச்சீனியைத் தனியாகத் தின்னக்கூடாது என்றுதான் பொருள். தோலை உரித்து, நடு நாரை எடுத்து, துண்டு போட்டு, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறு தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு வேகவையுங்கள். பக்கத்தில் சாளைக் கறி, அதாவது மத்தி மீன் கறி, இருக்கட்டும். நம் பாட்டிமார் மரச்சீனிக்குச் சாளையைச் சேர்த்தது சும்மா இல்லை: 100 கிராம் சாளையில் 18 முதல் 20 கிராம் புரதம், மெத்தியோனினும் தாராளம். சாளை கிடைக்காத நாளில் நெத்தோலியோ அயிலையோ முட்டையோ.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி வேறு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கும். புட்டும் சிறுபயறும், கஞ்சியும் பெரும்பயறும், சோறும் காணத்துவையலும், உளுந்தங்கஞ்சி, இட்லி எல்லாமே இந்தக் கணக்குக்குள் வருபவை. ஆனால் பயறின் அளவுதான் குறைகிறது. இரண்டு கரண்டி சாம்பாரில் பருப்பு எத்தனை இருக்கும்? ஆளுக்கு உலர்ந்த கணக்கில் 40 கிராம் பயறு ஒரு வேளைக்கு வேண்டும், அது 9 கிராம் புரதம் தரும். ஒரு கைப்பிடி நிலக்கடலை, 30 கிராம், இன்னொரு 7. ஒரு தம்ளர் பாலோ தயிரோ 6. ஒரு முட்டையிலும் அதே 6. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மதியச் சோற்றோடு நாலு சாளையும் என்றால் தனியே எதுவும் வாங்க வேண்டாம், 46 வந்துவிடும்.

பவுடர் பற்றி: வே புரோட்டீன் ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். அது சாப்பாடுதான், மருந்தில்லை. வாய்க்கு எதுவும் பிடிக்காத முதியவர், எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர் போன்றவர்களுக்கு உதவும். தேவைக்கு மேல் குடித்தால் கூடுதலாக முடி முளைக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. ஜிம்மில் லேபிள் இல்லாமல் கொடுக்கும் பொடியை வாங்காதீர்கள். அதில் ஆண் ஹார்மோன் வகைக் கலப்பு இருந்தால் பரம்பரை வழுக்கை உள்ளவருக்கு முடி வேகமாகப் போகும்.

படி 5: ரத்தப் பரிசோதனை

புரதம் போதுமான அளவு சாப்பிட்டும் மூன்று மாதத்துக்கு மேல் கொட்டினால், மருத்துவரிடம் கேட்டு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பாருங்கள். வைட்டமின் டி தேவைப்பட்டால். மாதவிடாய் ஒழுங்கில்லாத, முகத்தில் முடி வளரும் பெண்களுக்கு ஹார்மோன் பரிசோதனையும் சேரும்.

ஃபெரிட்டினும் ஒரு புரதம். இரும்பைச் சேமித்து வைப்பது அதன் வேலை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கலாம், அது பெண்களிடம் சாதாரணம். 30க்குக் கீழே போனால் இரும்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலின்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், ஆறிய பிறகு பாருங்கள். இரும்பு மாத்திரையை விழுங்கிய கையோடு சாயா குடித்தால் மாத்திரையில் பாதி வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், எலுமிச்சைச் சாறோடு போட்டால் நல்லது.

பயோட்டின் விஷயத்தில் எச்சரிக்கை. ஒரு நாள் தேவை 40 மைக்ரோகிராம்தான், விற்கும் மாத்திரைகளில் 10,000 வரை இருக்கிறது. பயோட்டின் குறைவு அபூர்வம். பச்சை முட்டை வெள்ளையை நெடுநாள் தொடர்ந்து குடிப்பவருக்கு வரலாம், அதில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும். வேகவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பெரிய தொந்தரவு வேறு: அதிக பயோட்டின் தைராய்டு பரிசோதனையைக் குழப்பும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூடக் குறைத்துக் காட்டும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைப் பற்றி எச்சரித்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், சாப்பிடுவதை லேபில் சொல்லவும் செய்யுங்கள்.

படி 6: உத்தரவு போடும் புரதங்களும் அவற்றுக்கான மருந்தும்

வேர்ப்பையின் அடியில் ஒரு சிறு முண்டு போன்ற செல் கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து செய்திப் புரதங்கள் கிளம்புகின்றன. விண்ட் என்ற புரதக் குடும்பம் "முளை" என்று சொல்கிறது. பிஎம்பி குடும்பம் "பொறு" என்கிறது. எஃப்ஜிஎஃப்-5 "போதும், நிறுத்து" என்கிறது. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணு வேலை செய்யாத எலிகளுக்கு முடி நீண்டுகொண்டே போகும் என்று 1994இல் கண்டார்கள். 2022இல் ஸ்கியூப்-3 என்ற புரதம் எலிகளில் வேரை எழுப்பியதைப் பார்த்தார்கள். 2025இல் எம்சிஎல்-1 என்ற புரதத்தை நீக்கினால் வேரின் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) எழும் நேரத்தில் செத்துப்போகின்றன என்று இன்னோர் எலி ஆய்வு காட்டியது. இவையெல்லாம் நம்பிக்கை தரும் அறிவியல், ஆனால் கடையில் வாங்கும் மருந்தாக இன்னும் ஆகவில்லை. இந்தப் பெயர்களைப் பாட்டிலில் அச்சடித்து விற்றால் நம்பிவிடாதீர்கள்.

பரம்பரை வழுக்கையில் நடப்பது இது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதிப் புரதம் டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்ற இன்னும் வலுவான ஹார்மோனாக மாற்றும். அது வேரிலுள்ள ஏற்பிப் புரதத்தில் போய்ப் பொருந்தியதும், முளைக்கச் சொல்லும் செய்தி அமுங்கும், வளரும் பருவம் குறுகும், ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்துகொண்டே வந்து கடைசியில் பூனைமுடியாகிவிடும். டொமினிக்கன் குடியரசில் இந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குடும்பங்களைப் பற்றி ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவ ஆய்வாளர் 1974இல் எழுதினார். அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அந்தத் தடத்திலிருந்துதான் ஃபினாஸ்டிரைடு பிறந்தது. 1 மில்லிகிராம் மாத்திரை 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, மனச்சோர்வு ஆகியவை வரலாம். வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ அளவை இது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால் அந்தப் பரிசோதனைக்குப் போகும்போதும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூட வேண்டாம், வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கும்.

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலும் முடி முளைத்ததால் தலையில் தடவும் மருந்தானது; 1988இல் அமெரிக்காவில் அனுமதி. இதிலும் ஒரு புரதக் கதை இருக்கிறது: தலைத்தோலில் உள்ள சல்ஃபோடிரான்ஸ்ஃபரேஸ் நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் மருந்து வேலை செய்யும். அந்த நொதி குறைவாக உள்ளவருக்குப் பலனும் குறைவு. ஒரே பாட்டில் அண்ணனுக்குப் பலித்துத் தம்பிக்குப் பலிக்காததற்கு இது ஒரு காரணம். தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் கொட்டுதல் கொஞ்சம் கூடும். பழைய முடி புதியதற்கு இடம் விடுகிறது. பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது நான்கு மாதம், சரியாகச் சொல்ல ஆறு மாதம் பார்க்க வேண்டும். நிறுத்தினால் வந்தது சில மாதத்தில் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் தடவிய தலையணையைக்கூட அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூனைக்கு அது விஷம்.

புழுவெட்டு வேறு கதை. உடம்பின் காவல் செல்களே வேரைத் தாக்குகின்றன. சிறு வட்டம் ஒன்றிரண்டு என்றால் ஒரு வருடத்துக்குள் தானே முளைப்பது நிறைய உண்டு. வேகப்படுத்த ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுக்கப் போனவர்களுக்கு, ஜேனஸ் கைனேஸ் என்ற புரதத்தைத் தடுக்கும் பாரிசிட்டினிப் மாத்திரை 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய்த்தொற்று, ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது போன்ற ஆபத்துகள் உள்ளதால் தோல் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும். சின்ன வெங்காயம் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பிஆர்பி என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்களின் வளர்ச்சிப் புரதங்களைத் தலையில் ஊசியாகப் போடுவது. சிலருக்குப் பலன் தருகிறது. ஒருமுறையோடு முடியாது, ஒவ்வொரு இடத்திலும் முறையும் கட்டணமும் வேறு. மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிய பிறகு உட்காருங்கள்.

படி 7: மேலே பூசுவதன் எல்லை

தோலைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு; டால்டன் என்பது மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு. கெரட்டின் 40,000 டால்டனுக்கும் மேல். ஆகவே கெரட்டின் ஷாம்பு வேருக்குப் போய் முடி வளர்க்காது. உடைத்துச் சிறிதாக்கிய கெரட்டின் முடித்தண்டின் விரிசல்களில் ஒட்டி, பார்வைக்கு வழுவழுப்பாக்கும், ஒடிவதைக் கொஞ்சம் குறைக்கும். சாயம் போட்டு வெளுத்த முடிக்கு அது பயன். ஒவ்வொரு குளியலுக்கும் போட்டால் விறைத்துப்போகும்.

சலூனில் செய்யும் கெரட்டின் ஸ்ட்ரெய்ட்னிங் இன்னொரு விஷயம். பழைய வகைகளில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. அதற்குப் பதிலாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்தவற்றைப் போட்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் போடுவது என்றால் டப்பாவைக் கேட்டு வாங்கி உட்பொருளைப் படியுங்கள், காட்ட மறுத்தால் எழுந்து வாருங்கள்.

எண்ணெய் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வில், கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் நீண்டு மெலிந்த வடிவம் என்பதால் முடித்தண்டுக்குள்ளேயே போகிறது. குளிப்பதற்கு முன்னால் தண்டிலும் நுனியிலும் தேயுங்கள். இருக்கும் முடியைக் காப்பாற்றும். இல்லாத இடத்தில் முளைக்க வைக்காது. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் ஊறவிட்டால் பொடுகு கூடலாம்.

படி 8: எப்போது மருத்துவரிடம்

தலைத்தோல் வலித்தாலோ எரிந்தாலோ செதில் உதிர்ந்தாலோ, முடி போன இடம் வழவழப்பாகி வேர்த்துளையே தெரியாமல் போனாலோ, குழந்தைக்குத் திட்டாக முடி போனாலோ வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். வேர்ப்பை வடுவாகிவிட்டால் பிறகு எந்த மருந்தும் எழுப்பாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலும் தோல் பிரிவு இருக்கிறது. பாட்டில் வாங்கும் காசைவிடப் பஸ் காசு குறைவு.

போகும்போது காலண்டரில் குறித்ததை, இரண்டு வாரச் சாப்பாட்டுக் குறிப்பை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையை, லேகியமும் பவுடரும் உட்பட, கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜன்னலோரம், ஒரே வெளிச்சம், ஒரே வகிடு என்று மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்காமல், முடிந்தால் முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் வேரை லென்ஸ் வைத்துப் பார்க்க அவர்களுக்கு வசதி.